காலாவதித் தேதியோடு வந்த சட்டம்: அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெட்ராயிட் புறநகர், மிச்சிகன்
24 டிசம்பர் 2025

அமெரிக்க செனட் சபை, பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் மருந்தாளுநர். மதுரையில் பிறந்தவள். இருபத்திரண்டு ஆண்டுகளாக மிச்சிகனில் மருந்துக் கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறேன். இந்நாட்டுக் குடியுரிமை பெற்ற பிறகு உங்கள் இரண்டு கட்சிகளுக்குமே வெவ்வேறு தேர்தல்களில் வாக்களித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் உங்களில் சிலருக்கு ஏற்கெனவே எழுதிவிட்டேன். இதைத் தமிழில் எழுதுவது, என்னைப் போலவே இங்கு வாக்குரிமை பெற்ற தமிழர்களும் படித்து, தங்கள் தொகுதி உறுப்பினரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பதற்காக.

சென்ற வாரம் ஒருவர் கடைக்கு வந்தார். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர், வயது 61. பத்து ஆண்டுகளுக்கு மேலாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். மூன்று மாத இன்சுலினை இந்த மாதமே சேர்த்துக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். பிரீமியத்துக்கு அரசு தரும் கூடுதல் மானியம் இந்த டிசம்பர் 31 அன்று முடிவதால் ஜனவரி முதல் தன்னால் பிரீமியம் கட்ட முடியாது என்றும், மனைவியும் தானும் காப்பீட்டை விட்டுவிடப் போவதாகவும் சொன்னார். கணினியில் போட்டுப் பார்த்தேன். அடுத்த மருந்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, அதற்கு முன் தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. மருத்துவரை அழைத்துப் பேசினேன், நிறுவனத்தை அழைத்துப் பேசினேன். நாற்பது நிமிடம் கழித்தும் அதே பதில்தான். அதுவரை அவர் சளி மருந்து அடுக்கியிருந்த அலமாரியின் பக்கத்தில் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து இந்த மடலை எழுதத் தொடங்கினேன். முடிக்கும் இன்றைய நாள் தற்செயலாக அமைந்தது.

பதினாறு ஆண்டுகளுக்கு முன் இதே டிசம்பர் 24 அன்று, விடிந்தும் விடியாத காலை ஏழு மணிக்கு, செனட் சபை, பின்னர் ஒபாமா கேர் என்று பெயர் பெற்ற மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தை நிறைவேற்றியது. ஆதரவு 60, எதிர்ப்பு 39. ஆதரித்த அறுபது பேரும் ஜனநாயகக் கட்சி அணி, எதிர்த்த அனைவரும் குடியரசுக் கட்சி. 92 வயது ஜனநாயகக் கட்சி செனட்டர் ராபர்ட் பேர்டைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். நான்கு மாதங்களுக்கு முன் இறந்துபோன நண்பர், செனட்டர் டெட் கென்னடிக்காக என்று சொல்லித் தன் வாக்கைப் போட்டார் அவர். அதற்கு நான்கு நாள் முன்பு, பனி கொட்டிக் கிடந்த வாஷிங்டனில், நள்ளிரவு தாண்டி நடக்கவிருந்த ஒரு வாக்கெடுப்பைக் குறித்து ஒக்லஹோமாவின் குடியரசுக் கட்சி செனட்டர் டாம் கோபர்ன் சபையிலேயே பேசினார். இன்றிரவு யாரோ ஒருவர் வாக்களிக்க வர முடியாமல் போகட்டும் என்று மக்கள் பிரார்த்திக்க வேண்டும் என்றார். கோபர்னும் மருத்துவர், பிரசவம் பார்த்தவர். சபையில் சக்கர நாற்காலியில் வந்துகொண்டிருந்தவர் யார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. மருத்துவச் சட்டத்தைப் பற்றிய சண்டை, எதிர்த் தரப்பின் நோயாளி எழுந்து வர முடியாமல் போகட்டும் என்று நினைக்கும் இடம் வரைக்கும் உங்களைக் கொண்டுபோயிருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தையும் சொல்ல வேண்டும். ஊர் ஊராக நடந்த கூட்டங்களில் கத்தலும் தள்ளுமுள்ளுமாக இருந்த மாதம் அது. ‘மரணக் குழுக்கள்’ வரப்போகின்றன, முதியவர்கள் வாழலாமா சாகலாமா என்று அரசு அதிகாரிகள் முடிவு செய்வார்கள் என்று, முந்தைய ஆண்டு குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலின் எழுதினார். மசோதாவில் உண்மையில் இருந்தது இதுதான்: ஒரு முதியவர் தன் இறுதிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தன் மருத்துவரிடம் விரும்பிப் பேசினால், அந்த நேரத்துக்கான கட்டணத்தை, 65 வயது ஆனவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கொடுக்கும். அவ்வளவே. அந்தக் கூச்சலுக்குப் பயந்து அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். பிறகு 2016ஆம் ஆண்டு ஜனவரியில்தான், சத்தமில்லாமல், ஒரு நிர்வாக விதியாக மெடிகேர் அந்தக் கட்டணத்தைக் கொடுக்கத் தொடங்கியது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில், அம்மாவுக்குச் செயற்கைச் சுவாசம் வைக்கலாமா கூடாதா என்று அம்மாவிடம் ஒருமுறைகூடக் கேட்டிராத பிள்ளைகள் எத்தனையோ பேர், மார்ஃபின் சீட்டோடு என் கவுன்ட்டரில் வந்து நின்றிருக்கிறார்கள்.

குடியரசுக் கட்சி உறுப்பினர்களே, உங்களைத்தான் முதலில் கேட்கிறேன், ஏனென்றால் கணக்கில் உங்கள் பக்கம்தான் பாரம் அதிகம். ஒவ்வொருவரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற விதியை 1989இல் முன்வைத்தது வலதுசாரிச் சிந்தனைக் குழுவான ஹெரிட்டேஜ் அறக்கட்டளை. 2006இல் மாசசூசெட்ஸில் அதைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்டவர் உங்கள் கட்சி ஆளுநர் மிட் ராம்னி, அருகில் நின்றவர் டெட் கென்னடி. நான்கே ஆண்டுகளில் அதே விதி உங்கள் மேடைகளில் கொடுங்கோன்மை ஆகிவிட்டது. விதியில் ஒன்றும் மாறவில்லை, அதை முன்வைத்தவரின் கட்சி மாறியிருந்தது. 2010 மார்ச் 21 அன்று பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212 என்று அந்த விதி அடங்கிய சட்டம் நிறைவேறியபோது உங்களில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. அதன்பின் ‘நீக்குவோம், மாற்று தருவோம்’ என்றீர்கள். நீக்குவதற்கு ஐம்பது தடவைக்கு மேல் வாக்கெடுப்பு நடத்தினீர்கள். 2013இல் அதற்காகவே அரசாங்கத்தை 16 நாள் முடக்கினீர்கள். மாற்று எங்கே? 2024 செப்டம்பர் விவாத மேடையில் உங்கள் வேட்பாளரிடம் கேட்டபோது, ஒரு திட்டத்துக்கான கருத்துகள் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். அதற்குள் பதினான்கு ஆண்டுகள் ஓடியிருந்தன.

2017 ஜூலை 28, அதிகாலை ஒன்றரை மணி. மூளைப் புற்றுநோய் இருப்பதாக அப்போதுதான் கண்டறியப்பட்டிருந்த உங்கள் கட்சி செனட்டர் ஜான் மெக்கைன் சபைக்கு நடுவே வந்து, கட்டைவிரலைக் கீழே காட்டினார். உங்கள் கட்சியின் சூசன் காலின்ஸ், லீசா முர்கௌஸ்கி இருவரும் ஏற்கெனவே எதிர்த்திருந்தார்கள். 49க்கு 51 என்று, ஒபாமா கேரின் பகுதிகளை நீக்கும் உங்கள் மசோதா விழுந்தது. நிறைவேறியிருந்தால் 1.6 கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று உங்கள் சொந்த நிதிநிலை அலுவலகம் கணக்கிட்டிருந்தது. அந்த மசோதாவின் வாசகமே வாக்கெடுப்புக்குச் சில மணி நேரம் முன்புதான் வெளியே வந்தது. நான் ஒரு ரத்த அழுத்த மாத்திரையைப் புட்டியில் நிரப்பும் முன், அந்த நோயாளி வேறென்ன சாப்பிடுகிறார், எதற்கு ஒவ்வாமை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் கொடுத்தால் என் உரிமத்தைப் பறிப்பார்கள். ஒரு நாட்டின் மருந்தை இரவோடு இரவாக மாற்றப் பார்த்தீர்கள்.

ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களே, உங்கள் பக்கமும் எனக்கு வருத்தம் இருக்கிறது. பிடித்த காப்பீட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று அதிபர் ஒபாமா மேடைக்கு மேடை சொன்னார். 2013 இலையுதிர் காலத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு ரத்துக் கடிதம் வந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார், ஆனால் அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்த ஒரு முடி திருத்துபவரின் முகத்தில் அதன் பிறகு உங்கள் கட்சியின் எந்தச் சொல்லும் ஏறவில்லை. அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது, அதுதான் இந்த மடலின் பொருள்.

2021இல் பிரீமியத்துக்கான மானியத்தை உயர்த்தினீர்கள். நல்ல காரியம். வருமானத்தில் எட்டரை சதவீதத்துக்கு மேல் யாரும் பிரீமியம் கட்ட வேண்டாம் என்றானது. ஒபாமா கேர் அமைத்த காப்பீட்டுச் சந்தையில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை இரட்டிப்பாகி, இந்த ஆண்டு 2.4 கோடியானது. ஆனால் அந்த மானியத்துக்கு ஒரு காலாவதித் தேதி எழுதினீர்கள். முதலில் 2022 இறுதி, பிறகு 2025 இறுதி. ஏன் எழுதினீர்கள் என்பது எனக்குத் தெரியும். செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்குத் தேவைப்படும் அறுபது வாக்கு கிடைக்காதபோது, ஐம்பது வாக்கிலேயே நிறைவேற்றிக்கொள்ள ஒரு நிதிநிலை வழி இருக்கிறது. அந்த வழியில் போனால் செலவுக் கணக்குச் சிறிதாகத் தெரிய வேண்டும், அதற்கு ஆண்டுகளைக் குறைக்க வேண்டும். அடுத்த தேர்தலில் நாமே வெல்வோம், அப்போது நீட்டித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டீர்கள். தேர்தல் வேறு மாதிரி முடிந்தது.

மருந்துக் கடையில் காலாவதித் தேதி என்பது மருந்தின் வீரியம் குறையும் நாள். ஆய்வுக்கூடத்தில் சோதித்து எழுதுவது. உங்கள் தேதிக்குப் பின்னால் எந்த நோயாளியின் நிலையும் இல்லை. 61 வயதுக்காரருக்கு டிசம்பர் 31 இரவோடு சர்க்கரை நோய் போய்விடாது. அறுபது வயதுத் தம்பதி, ஆண்டு வருமானம் 85,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மானியம் போனால் அவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 22,600 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும் என்பது கே.எஃப்.எஃப் ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. மானியத்துக்கு மீண்டும் வரும் வருமான வரம்புக்கு மேலே நானூறு டாலர் அதிகம் சம்பாதித்ததற்காக அவர்களுக்கு ஒன்றுமே கிடைக்காது. மெடிகேர் வயது வர இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது. அந்த வயதில் மாரடைப்பும் புற்றுநோயும் கதவைத் தட்டும். மருத்துவம் படித்த உறுப்பினர்கள் உங்களிடையே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

இந்த ஐம்பது வாக்கு வழியில் என்னை மிகவும் வாட்டியது 2022 ஆகஸ்ட் மாதத்து ஒரு வாக்கெடுப்பு. மெடிகேரில் இருப்பவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று அந்தச் சட்டம் வைத்தது. தனியார் காப்பீட்டில் இருப்பவர்களுக்கும் அதே வரம்பு வேண்டும் என்ற பிரிவும் அதில் இருந்தது. நிதிநிலை வழிக்கு அது பொருந்தாது என்று விதி சொன்னதால், அதைக் காப்பாற்ற அறுபது வாக்கு தேவைப்பட்டது. கிடைத்தது 57. குடியரசுக் கட்சியிலிருந்து ஏழு பேர் சேர்ந்து ஆதரித்தார்கள். அந்த ஏழு பேரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். 43 பேர் எதிர்த்ததால் அது விழுந்தது. அந்த விதியின் பெயர் பேர்ட் விதி, சக்கர நாற்காலியில் வந்து வாக்களித்த அதே ராபர்ட் பேர்டின் பெயர். மறுவாரம் திங்கட்கிழமை என் கடையில் 66 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, அடுத்த ஆண்டு முதல் உங்கள் இன்சுலின் 35 டாலர்தான் என்று சொன்னேன். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற அவருடைய மகளுக்கும் இன்சுலின்தான். அவளுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

ஒரே ஒரு வாக்கில் பிறந்தது ஒரே ஒரு வாக்கில் போகும். இந்த ஜூலையில் குடியரசுக் கட்சியினரான நீங்கள் நிறைவேற்றிய பெரிய வரிச் சட்டமும் அதே வழியில்தான் வந்தது. செனட்டில் 50க்கு 50, துணை அதிபர் வான்ஸ் வந்து முடிச்சை அவிழ்த்தார். அதனால் 2034க்குள் ஒரு கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இழப்பார்கள் என்று மறுபடியும் உங்கள் சொந்த அலுவலகமே சொல்கிறது. குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் பெறும் பலர் மாதம் 80 மணி நேர வேலையைத் தாளில் நிரூபிக்க வேண்டும், 2027 தொடங்கும்போது. வேலை செய்யாதவர்கள் இழப்பதைவிட, தாளை நேரத்துக்கு அனுப்பத் தெரியாதவர்கள் இழப்பதுதான் அதிகம் இருக்கும் என்பது என் பயம். காப்பீட்டுப் படிவங்களோடு நாள் முழுதும் மல்லுக்கட்டும் எனக்கே சில நாள் அவை புரிவதில்லை.

நான் பிறந்த தமிழ்நாட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன். அங்கே இரண்டு பெரிய கட்சிகள். அவற்றுக்கிடையே இருந்த பகை உங்களுடையதைவிடக் குறைந்ததல்ல. 2009இல் தி.மு.க. அரசு ஏழைகளுக்கென்று கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2011இல் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் அதை ரத்து செய்தது. ஆனால் 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று வேறு பெயரில் விரித்துக் கொண்டுவந்தது. 2021இல் தி.மு.க. திரும்பி வந்தது, திட்டம் தொடர்கிறது. ஒரு கட்சி கட்டிய புதிய சட்டமன்றக் கட்டடத்தை அடுத்த கட்சி சட்டமன்றமாக ஏற்கவில்லை, பல்துறை மருத்துவமனையாக மாற்றிவிட்டது. ஓமந்தூரார் தோட்டத்தில் இன்றும் அங்கே நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். அந்த அரசியலில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, குறைகளும் நிறையத் தெரியும். ஆனாலும் உங்களிடம் கேட்கிறேன்: பெயர்தான் உறுத்துகிறது என்றால் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். ஒபாமா கேர் என்று சொல்ல நாக்கு வரவில்லை என்றால், உங்களுக்குப் பிடித்த எவருடைய பெயரையும் வையுங்கள். 2017இல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் மூன்றில் ஒருவருக்கு, ஒபாமா கேரும் கட்டுபடியாகும் மருத்துவச் சட்டமும் ஒன்றே என்பது தெரிந்திருக்கவில்லை. ஒன்றை வெறுத்துக்கொண்டே மற்றொன்றின் அட்டையை என் கவுன்ட்டரில் நீட்டியவர்களுக்கு நானே மருந்து கொடுத்திருக்கிறேன்.

இந்த அக்டோபரிலும் நவம்பரிலும் என்ன செய்தீர்கள்? இந்த மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி நின்றது, அரசாங்கத்தைத் திறந்த பிறகு பேசலாம் என்று குடியரசுக் கட்சி நின்றது. 43 நாள் முடக்கம், அதுவரையிலான இந்நாட்டு வரலாற்றிலேயே நீண்டது. 4.2 கோடிப் பேர் நம்பியிருக்கும் உணவு உதவி நவம்பரில் தடுமாறியது. மருந்தா, மளிகையா என்று தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் என் கடைக்கு வந்தார்கள், இன்சுலினை வாங்கிக்கொண்டு பாலை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. கடைசியில் ஜனநாயகக் கட்சி அணியின் எட்டுப் பேர் சேர்ந்து அரசாங்கத்தைத் திறந்தார்கள். கிடைத்தது ஒரு வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற உறுதிமொழி. டிசம்பர் 11 அன்று அந்த வாக்கெடுப்பு நடந்தது. மூன்றாண்டு நீட்டிப்புக்கு 51 வாக்கு, அறுபது வேண்டியிருந்ததால் தோற்றது. குடியரசுக் கட்சியின் மாற்று மசோதாவுக்கும் 51 வாக்கு, அதுவும் தோற்றது. விடுமுறைக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

அந்த மாற்று மசோதாவை நான் உட்கார்ந்து படித்தேன். மானியத்துக்குப் பதிலாக மக்களின் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் நேரடியாகப் பணம்: ஐம்பது வயதுக்குக் கீழே 1,000 டாலர், மேலே 1,500 டாலர். காப்பீட்டு நிறுவனங்களுக்குப் பணம் போகிறது என்ற உங்கள் குறையில் உண்மை இருக்கிறது, அந்த நிறுவனங்களோடு தினமும் தொலைபேசியில் போராடுபவள் நான், அவர்களுக்காகப் பரிந்து பேச மாட்டேன். ஆனால் கணக்குப் பாருங்கள். மலிவான வெண்கலத் திட்டத்தில் டிடக்டிபிள், அதாவது காப்பீடு கைகொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை, ஏழாயிரம் டாலருக்கு மேல். ஓர் ஆண்டில் ஒருவர் கையிலிருந்து போகக்கூடிய உச்ச வரம்பு 2026இல் 10,600 டாலர். ஒரு முறை ஆஞ்சியோ செய்துகொண்டு வந்தவருக்கு 1,500 டாலர் எத்தனை நாளுக்கு வரும்?

வேறு வழி இல்லை என்று சொல்லாதீர்கள். இதே மிச்சிகனில், குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்னைடர், தன் கட்சி பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றத்தோடு போராடி, 2013இல் மெடிக்கெய்டை விரிவாக்கிக் கையெழுத்திட்டார். அதற்கு முன் வெறுங்கையோடு நின்ற எத்தனையோ பேரின் பெயர் என் கணினியில் 2014 ஏப்ரலில் பச்சை நிறத்தில் வந்தது. 2017 அக்டோபரில் குடியரசுக் கட்சியின் லமார் அலெக்ஸாண்டரும் ஜனநாயகக் கட்சியின் பேட்டி முர்ரேயும் காப்பீட்டுச் சந்தையை நிலைப்படுத்த ஓர் உடன்பாடு எழுதினார்கள். பன்னிரண்டு பேர் இந்தப் பக்கம், பன்னிரண்டு பேர் அந்தப் பக்கம் கையெழுத்திட்டார்கள். அதை வாக்கெடுப்புக்கே கொண்டுவரவில்லை. அந்தக் கோப்பு உங்கள் கட்டடத்தில்தான் எங்கேயோ இருக்கிறது.

எங்கள் மிச்சிகனின் ஜான் டிங்கெல் 1965இல் மெடிகேர் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியபோது தலைமை நாற்காலியில் இருந்தவர். அவருடைய தந்தை 1943இலேயே தேசியக் காப்பீட்டு மசோதாவைக் கொண்டுவந்தவர். மகன் 1955இல் சபைக்குள் நுழைந்தது முதல் ஒவ்வொரு சபைக் காலத்திலும் அதே கோரிக்கையை மறுபடி மறுபடி வைத்தார். 1965இல் தட்டிய அந்தச் சுத்தியலைத்தான் 2010 மார்ச் 21 அன்று நான்சி பெலோசி கையில் எடுத்துப்போனார். இரண்டு நாளுக்கும் நடுவே ஒரு வேறுபாடு உண்டு. மெடிகேருக்கு அன்று பிரதிநிதிகள் சபையின் இறுதி வாக்கெடுப்பில் 70 குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் ஆதரவு தந்தார்கள். அதை நீக்கப் போகிறேன் என்று இன்று எந்தக் கட்சியும் தேர்தலுக்கு நிற்பதில்லை.

டிசம்பர் 17 அன்று உங்களில் நான்கு குடியரசுக் கட்சி உறுப்பினர்கள், மூவர் பென்சில்வேனியா, ஒருவர் நியூயார்க், தங்கள் தலைமையை மீறி, மானிய நீட்டிப்பு மீது வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கும் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். அதற்குத் தேவையான 218 கையெழுத்து சேர்ந்தது. ஜனவரியில் அந்த வாக்கெடுப்பு வர வேண்டும். அந்த நால்வரின் பின்னால் இன்னும் பலர் போக வேண்டும் என்று கேட்கிறேன். செனட்டில் மூன்றாண்டு என்பது அதிகம் என்று தோன்றினால் வருமான வரம்பைப் பேசுங்கள், மோசடியைத் தடுக்கும் விதியைப் பேசுங்கள். குழுவில் உட்கார்ந்து, மருந்தாளுநர்களையும் செவிலியர்களையும் அழைத்துக் கேட்டு, பகல் நேரத்தில் பேசுங்கள். ஜனநாயகக் கட்சியினர் தேர்தல் மேடைக்காக இந்தத் துன்பத்தைச் சேமித்து வைக்காதீர்கள். அடுத்த முறை எழுதும் சட்டத்தில் தேர்தலைப் பார்த்துக் காலாவதித் தேதி போடாதீர்கள், இருவரிடமும் இதையே கேட்கிறேன்.

ஜனவரி 2, வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணிக்குக் கடையைத் திறப்பேன். புத்தாண்டின் முதல் வேலைநாளில் வரும் எல்லோருடைய காப்பீட்டையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். பெயின்ட் அடிப்பவரின் மறுத்துவிட்ட பதினொரு நாள் அதற்குள் முடிந்திருக்கும். அவருடைய இன்சுலினை எடுத்துக் குளிர்பெட்டியில் மேல்தட்டில் தனியாக வைத்திருக்கிறேன். அவர் அட்டையைக் கணினியில் போடுவேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர், மிச்சிகன்